துரை பங்களாத் தொட்டி

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் புதுக் கணக்கப்பிள்ளை அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது, கன்னையாவின் பெயரையும் அழகம்மாவின் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டப் போன பெண்கள் கையை நிறுத்திவிட்டு அழகம்மாவைப் பார்த்தார்கள்.

"பங்களாத் தொட்டியில பாசி எடுத்துக் கழுவணும். ஐயாவு, கன்னையா, அழகம்மா. மூணு பேரும் போங்க."

கணக்கப்பிள்ளை இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கன்னையா ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவன் என்பது அவருக்குத் தெரியும். யாரைக் கொன்றுவிட்டுப் போனான் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அழகம்மாவின் ஒரே தம்பி இந்திரகுமாரை, மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கழுத்தில் வெட்டியவன் அவன். இரண்டு பேரும் சிநேகிதர்கள். இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். குடிவெறியில் வந்த சண்டை என்று கோர்ட்டில் தண்டனை குறைந்தது. சில வருஷங்களில் வெளியே வந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் அதே லயத்துக்கே திரும்பிவிட்டான். போவதற்கு அவனுக்கு வேறு இடம் இல்லை.

"நான் மலைக்குப் போறேங்க ஐயா. வேற ஆளப் போடுங்க," என்றான் கன்னையா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அழகம்மாவே அதைச் சொல்லியிருப்பாள். அவன் ஒதுங்கப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்குள் ஏதோ விறைத்துக்கொண்டது. களத்தின் ஓரத்தில் தம்பி பெண்சாதி ஷாமிளா நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போறேங்க," என்றாள் அழகம்மா. "அவன் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

அது யுத்தம் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். நாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் திரும்பவும் சுற்றுலா வரத் தொடங்கியிருந்தார்கள். ஓப்பநாயக்க ஊருக்கு மேலே, மலை முகட்டில் இருக்கும் பெரிய பங்களாவை அவர்கள் தங்குவதற்குக் கொடுக்கலாம் என்று இப்போது தோட்டத்தை நடத்தும் கம்பெனி முடிவு செய்திருந்தது. பங்களாவுக்குப் பின்னால், தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய நீச்சல் தடாகம் இருந்தது. தோட்டத்தில் அதற்குத் துரை தொட்டி என்றுதான் பெயர். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போன நாளிலிருந்து அதில் யாரும் குளிக்கவில்லை. மழைத் தண்ணீரும் மூங்கில் சருகும் விழுந்து விழுந்து, பாசி மேல் பாசி ஏறி, தொட்டியின் மேல் பச்சைக் கம்பளியைப் போர்த்தியது போல் கிடந்தது. முந்தின நாளே ஐயாவு அடியில் இருந்த வாயைத் திறந்துவிட்டிருந்தார். முக்கால்வாசித் தண்ணீர் இறங்கியதும் வாய் அடைத்துக்கொண்டது. மிச்சத் தண்ணீர் ஆழமான பக்கத்தில் முழங்கால் அளவுக்குச் சேறாகத் தேங்கி நின்றது.

ஐயாவு பங்களாத் தோட்டக்காரர், வயதானவர், யார் சண்டைக்கும் போகாதவர். அன்றைக்கு அவர் இருவருக்கும் நடுவிலேயே நின்று வேலை செய்தார். ஒரு பக்கச் சுவரைக் கன்னையாவுக்கும் மறு பக்கத்தை அழகம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்தார்.

நீளமான காம்பில் இரும்புத் தகடு பொருத்திய சுரண்டியால் அழகம்மா சுவரைச் சுரண்டினாள். பாசி தோல் உரிவதைப் போலப் பட்டை பட்டையாக வந்தது. அடியில் நாற்றம். சுரண்டியைச் செருகும் இடமெல்லாம் தவளைகள் குதித்தன. தகட்டில் மாட்டி நசுங்கியவற்றை அவள் பார்க்காமலே வாளியில் அள்ளிப் போட்டாள். கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. விரல்களைத் தரையில் ஊன்றி ஊன்றித்தான் நகர முடிந்தது.

வெயில் ஏறும் நேரத்தில் கன்னையாவின் பக்கத்துச் சேற்றிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாம்பு நெளிந்து வந்தது. அவன் யோசிக்கவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கி, சுவரின் விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்தான். தலை சிதைந்த பிறகும் இரண்டு முறை அடித்தான். பிறகு வெளியே வீசினான்.

அழகம்மா அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு புடைத்த மணிக்கட்டு. அந்தச் சுழற்று, அந்த வேகம். இப்படித்தான் வெட்டியிருப்பான் என்று நினைத்தாள். தொட்டியைச் சுற்றி மண்டியிருந்த மானாப் புல்லை வெட்டக் கொண்டுவந்த கத்தி மேல்படியில் கிடந்தது. அது எத்தனை எட்டில் கிடக்கிறது என்று அவள் கண் தானாகவே பார்த்துக்கொண்டது.

"அழகம்மா," என்றார் ஐயாவு மெதுவாக. "இங்க வா புள்ள. இந்த வாளியப் பிடி."

அவர் கத்தியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. சுவர் வேலை முடிந்து, அடைத்துக்கொண்ட வாய்தான் மிச்சம் இருந்தது. அது ஆழமான பக்கத்துச் சுவரின் அடியில், ஒரு சாணுக்கு மேல் அகலமான குழாய். வாயில் இரும்புக் கம்பிகள். துருப்பிடித்து இரண்டு கம்பிகள் ஒடிந்து உட்பக்கமாக வளைந்திருந்தன.

"இரும்பு அலவாங்கு கொண்டாந்து குத்துவோம்," என்றார் ஐயாவு. "கைய கிய விட்டுறாத."

கன்னையாவுக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் என்ற அவசரம். காலையிலிருந்து அவன் முதுகில் ஊன்றியிருந்த அழகம்மாவின் பார்வை அவனைப் பிடுங்கித் தின்றிருக்க வேண்டும். ஐயாவு திரும்புவதற்குள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, ஒடிந்த கம்பிகளுக்கு நடுவே வலது கையை முழங்கை தாண்டி உள்ளே விட்டான். வேரும் சருகும் ஒரு திரளாக வந்தது. அதை விட்டுவிட்டு மறுபடியும் கையை விட்டான். இந்த முறை கை திரும்பவில்லை.

"மாமா, கை மாட்டிக்கிச்சு!"

உள்ளே போகும்போது வழிவிட்ட கம்பிகள், வெளியே இழுக்கும்போது தூண்டில் முள்ளாகச் சதையில் குத்தி நின்றன. ஐயாவு கம்பியை வளைக்கப் பார்த்தார். அவருடைய கைதான் கிழிந்தது. கன்னையா அலறினான்.

"அசையாத, அப்பிடியே இரு. நான் போயி அலவாங்கும் ஆளும் கொண்டாறேன்."

தோட்டத்தின் இப்போதைய துரை கொழும்புக்குப் போயிருந்தார். பங்களாவில் சமைக்கும் அப்பு சந்தைக்குப் போயிருந்தான். ஆள் வேண்டுமென்றால் கீழே ஃபெக்டரிக்குத்தான் போகவேண்டும். கிழவர் படியேறி, குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினார். அவர் தலை தேயிலைக்குக் கீழே மறைந்ததும் முதல் துளி விழுந்தது.

சப்ரகமுவப் பக்கத்து மழைக்குத் தூறல் கிடையாது. கல்லைக் கொட்டுவது போல் கொட்டியது. கன்னையா ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையை ஊன்றித் தலையைத் தூக்கிவைத்திருந்தான். தண்ணீர் அவன் விலாவைத் தொட்டது. மலையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய கான், மேலே ஒரு மரப் பலகையால் மறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பலகையின் இடுக்கு வழியாக இப்போதே செம்மண் தண்ணீர் பீறிட்டது.

"அக்கா," என்றான்.

தம்பியோடு சேர்ந்து அவள் வீட்டுக்கு வந்துபோன காலத்தில் அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவள் அவன் வாயிலிருந்து கேட்டதில்லை.

"அக்கா, மேல பலகைய கொஞ்சம் பாருங்க. அது போச்சுன்னா நான் செத்தேன்."

அழகம்மா சுரண்டியின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"யாருக்குடா அக்கா?"

"அக்கா..."

"ஏ வீட்டுல ஒக்காந்து ஏ கையால சோறு வாங்கித் தின்னுபுட்டு, ஏ தம்பிய வெட்டுன கைதானடா அது?"

காம்பைத் திருப்பி அவன் தோளில் அடித்தாள். அவன் கத்தவில்லை. மறுபடி முதுகில் அடித்தாள். மூன்றாவது அடி வாயில் விழுந்தது. பல் உடையும் சத்தம் மழையிலும் கேட்டது. அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் பயம் போய் வேறு ஒன்று வந்திருந்தது.

"அடி. நல்லா அடி. அவன் மொதல்ல என் மண்டையில போத்தலால அடிச்சத யாரும் பேசமாட்டீங்க. பின்னால வந்து அடிச்சான், ஒன்ன மாதிரியே. பின்னாலேருந்து அடிக்கிற வம்சந்தானடி நீங்க!"

அதற்குப் பிறகு அழகம்மா எண்ணவில்லை. எங்கே விழுகிறது என்றும் பார்க்கவில்லை. அடித்தாள். மூக்கு உடைந்தது. புருவம் கிழிந்தது. பச்சைத் தண்ணீரில் சிவப்பு இழை இழையாக ஓடியது. அவள் வாயிலிருந்து வந்தது அழுகையா வசையா என்று அவளுக்கே தெரியவில்லை. காம்பு நடுவில் ஒடிந்து கையோடு வந்தது. ஒடிந்த முனையை ஈட்டி போலப் பிடித்து அவன் கழுத்துக்கு நேராக ஓங்கினாள்.

கன்னையாவின் இடது கை தண்ணீருக்கடியில் அவள் கணுக்காலைப் பிடித்துச் சுண்டி இழுத்தது.

வழுக்குத் தரை. அவள் மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை சிமெந்தில் மோதிக் கண் இருண்டது. அவன் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினான். ஒரு கையோடு கம்பியில் கோத்துக் கிடந்தவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மூக்கிலும் வாயிலும் பாசி ஏறியது. கூழான பாசி, தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவள் கால்கள் உதைத்தன. உதைத்த இடமெல்லாம் வழுக்கின. நெஞ்சு வெடிக்கப் போகும் நேரத்தில் அவன் கட்டைவிரல் அவள் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. கடித்தாள். எலும்பு தட்டும்வரை கடித்தாள். அவன் பிடியை விட்டான்.

தவழ்ந்து தவழ்ந்து படிக்கு வந்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பச்சையாக வந்தது.

அப்போது மேலே பலகை உடைந்தது.

மலைத் தண்ணீர் கல்லையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு தொட்டிக்குள் விழுந்தது. கன்னையா எழுந்து உட்காரப் பார்த்தான். கை அவனைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. அவன் கையைப் பிய்த்துக்கொள்ளப் பார்த்து அலறினான். அந்த அலறலில் சொல் எதுவும் இல்லை.

அழகம்மா படியில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் எதுவும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். ஐயாவு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பலகை உடைந்தது, தண்ணீர் வந்தது, நான் பொம்பள என்ன பண்ணுவேன் என்றால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஷாமிளா கோயிலில் தேங்காய் உடைப்பாள்.

தண்ணீர் அவன் தாடையைத் தொட்டது. அவன் முகத்தை வானத்தைப் பார்த்துத் திருப்பி, வாயை மட்டும் மேலே வைத்திருந்தான். உடைந்த பல்லும் கிழிந்த உதடுமாக அந்த வாய் திறந்து திறந்து மூடியது. இந்திரகுமாரைப் பாயில் கிடத்தியிருந்தபோது அவன் வாயும் திறந்துதான் இருந்தது. எத்தனை பேர் மூடிப் பார்த்தும் மூடவில்லை. அந்த வாயைத்தான் அவள் இத்தனை வருஷமாகத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனியனே!" என்று கத்திக்கொண்டு அவள் தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவன் பக்கத்தில் போய், இரண்டு காலையும் சுவரில் ஊன்றி, அவன் மேற்கையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தாள். தன் தலையும் தண்ணீருக்குள் போய்விட்டது. கம்பி அவன் சதையைக் கிழிப்பது அவள் கைக்கே தெரிந்தது. விடவில்லை. கொழுந்துக் கூடை சுமந்த கழுத்தும் மலையேறிய காலும் சேர்ந்து இழுத்தன. காப்பாற்றத்தான் இழுத்தாளா, பிய்த்தெறியத்தான் இழுத்தாளா என்று பிறகு பல பேர் அவளிடம் கேட்டார்கள். தண்ணீருக்குள் இருந்தபோது அவளுக்கும் அது தெரியாது. எலும்பு முறிந்தது. முறிந்த பிறகும் இழுத்தாள். கை வந்தது.

அவன் மயங்கிப்போயிருந்தான். தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படியில் போட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோலும் சதையும் வாழைநார் போலத் தொங்கின. தன் முந்தானையைக் கிழித்து, முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, மயங்கிக் கிடந்தவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

ஐயாவு அலவாங்கோடும் ஜீப் டிரைவரோடும் வந்து சேர்ந்தபோது, அவள் அவன் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "அனே தெய்யனே!" என்று சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கன்னையாவின் உயிர் தப்பியது. கை தப்பவில்லை. வெட்டி எடுக்கவில்லையே தவிர, விரல்கள் செத்துப்போய்த் தொங்கின.

அழகம்மா பின்மண்டையில் தையலோடு லயத்துக்குத் திரும்பிய அன்றைக்கு, ஷாமிளா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் அடுப்பு விறகு.

"அவன இழுத்துப் போட்டீங்களாமே? உண்மையா?"

"ஆமா."

விறகு அழகம்மாவின் தோளில் விழுந்தது. பிறகு கையில். பிறகு முதுகில். லயமே வெளியே வந்து பார்த்தது. அழகம்மா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஷாமிளாவின் கை ஓய்ந்தபோது விறகு தானாகக் கீழே விழுந்தது.

"சாகவிட்டிருந்தா என்ன? ஒங்களுக்கு என்ன போச்சு?"

"இன்னொரு பொணத்தப் பாத்துக்கிட்டு இருக்க ஏ கண்ணுல எடமில்ல புள்ள," என்றாள் அழகம்மா. ஷாமிளா அவள் முகத்துக்கு நேரே துப்பிவிட்டுப் போனாள்.

பொலிஸ் வந்து விசாரித்தது. கன்னையாவின் பல்லும் மூக்கும் தண்ணீரால் உடைந்தவை அல்ல என்று யாருக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் அவன், வழுக்கி விழுந்துவிட்டேன், கை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டானாம். இதை ஐயாவு வந்து சந்தோஷமாகச் சொன்னார். அழகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டிலில் கிடந்தவனுடைய முகம் இன்னும் வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் சுவர்ப் பக்கம் ஒதுங்கினான்.

"நான் அடிச்சத ஏன் சொல்லல?"

"அடிச்சீங்க. நானும் ஒங்கள அமுக்குனேன். பொறகு இழுத்தீங்க. இதெல்லாம் சேத்துச் சொன்னா அவனுகளுக்கு வெளங்காது."

"நீ எனக்கு நல்லது செய்ய வேணாம். நான் ஒன்ன மன்னிக்கல. நல்லாக் கேட்டுக்க. மன்னிக்கவும் மாட்டேன்."

"தெரியும்."

"ஒன் கையி போனதுக்கு எனக்கு வருத்தமும் இல்ல."

"அதுவும் தெரியும்," என்றான் கன்னையா. உடைந்த பல்லின் இடைவெளியில் சொற்கள் காற்றாக வந்தன. "போயிருங்க. ஒங்களப் பாத்தா எனக்குத் தண்ணி மூக்குல ஏறுற மாதிரி இருக்கு."

அங்கிருந்து அவள் நேராகப் பொலிஸுக்குப் போய், நான்தான் அடித்தேன் என்று சொன்னாள். சார்ஜன்ட் அவள் முகத்தையும் மண்டைத் தையலையும் மாறி மாறிப் பார்த்தார். அடி வாங்கியவனே இல்லை என்கிறான், உனக்கு என்ன பைத்தியமா என்று சிங்களத்தில் கேட்டார். "யன்ன, யன்ன," என்று கையை வீசினார். போ, போ.

கன்னையா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. கொழும்புப் பக்கம் ஒரு கடையில் காவலுக்கு இருப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டார்கள்.

ஷாமிளா பல நாள் பேசவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளாகவே வந்து, அழகம்மாவின் லயத்துக் காம்பரா வாசற்படியில் உட்கார்ந்தாள். அழகம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"ம்."

"கையி மாட்டுனப்போ கத்துனானா?"

அழகம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கத்துனான்."

"நல்லாக் கத்துனானா?"

"தண்ணி கழுத்துக்கு வந்தப்போ மலை பூரா கேக்குற மாதிரிக் கத்துனான்."

ஷாமிளாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனால் அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

"மொதல்லேருந்து சொல்லுங்க," என்றாள். "எதையும் விடாமச் சொல்லுங்க. இழுத்ததையும் சொல்லுங்க."

அழகம்மா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.